சீட்டில் பிடித்த பி.எஃப். கணக்கில் ஏறியதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் குடிகாடு சிப்காட் தொழிற்பேட்டையிலும் பண்ருட்டி முந்திரிக் கொட்டகைகளிலும் ஒப்பந்ததாரரிடம் வேலை பார்ப்பவர்கள் சம்பளச் சீட்டில் 'பி.எஃப்.' (வருங்கால வைப்பு நிதி) என்று ஒரு தொகை கழிந்திருப்பதைப் பார்த்ததும் நிம்மதியாகி விடுகிறார்கள். கழித்த பணம் கணக்கில் ஏறியதா என்பதைச் சீட்டு சொல்லாது, பி.எஃப். பாஸ்புக்தான் சொல்லும். அதைப் பலர் 58 வயதில்தான் திறக்கிறார்கள். அதற்குள் ஒப்பந்ததாரர் நான்கு பேர் மாறியிருப்பார்கள், யாரிடம் போய்க் கேட்பது?

கணக்கு இதுதான். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ.12,000 என்றால், தொழிலாளியிடம் 12 சதவீதம், அதாவது ரூ.1,440 பிடிக்க வேண்டும். முதலாளி தன் பணத்திலிருந்து இன்னொரு ரூ.1,440 போட வேண்டும். முதலாளி பங்கில் 8.33 சதவீதமான ரூ.1,000 ஓய்வூதியத்துக்கும் மீதி ரூ.440 வைப்பு நிதிக்கும் போகும். இரண்டு பங்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். சீட்டில் ரூ.2,880 பிடித்திருந்தால், முதலாளியின் பங்கையும் தொழிலாளியிடமே பறித்திருக்கிறார்கள் என்று பொருள். 'மொத்தச் சம்பளத்தில் அதுவும் சேர்த்திதான்' என்று வாயால் சமாதானம் சொல்வார்கள். பேசிய கூலியிலிருந்து முதலாளி பங்கைக் கழிக்கச் சட்டத்தில் இடமே இல்லை.

தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது இன்னும் கொடுமை. அது வெறும் பாக்கி அல்ல, நம்பிக்கை மோசடிக் குற்றம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆவது பிரிவு இதைத் தனியாகவே விளக்குகிறது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், அதற்கு மேல் அபராதமும் உண்டு.

ஓய்வூதியத்தை அதிகம் கெடுப்பது ஒப்பந்ததாரர் மாறும் சமயம். குறைந்தது பத்து ஆண்டு சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம். புது ஒப்பந்ததாரர் வந்ததும் பழைய யு.ஏ.என். எண்ணை (பி.எஃப். உறுப்பினரின் நிரந்தர எண்) கேட்காமல் புது எண் போட்டுவிடுகிறார். ஒருவருக்கு ஆயுளுக்கும் ஒரே எண்தான், கடலூரில் வேலை பார்த்தாலும் புதுச்சேரிக்குப் போனாலும் அதே எண்தான். இரண்டு எண் ஆனால் ஆறு வருடம் ஒன்றிலும் ஐந்து வருடம் இன்னொன்றிலும் நின்று, இரண்டையும் இணைக்கும் வரை இரண்டுமே பத்தை எட்டாது. சிலருக்கு 'பழையதை எடுத்துவிடு' என்று யோசனையும் சொல்கிறார்கள். படிவம் 10சி கொடுத்து ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டால் அதுவரை பார்த்த சேவை அழிந்துவிடும். அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டால் சேவை நிலைக்கும். ரூ.12,000 சம்பளத்தில் 15 ஆண்டு சேவை என்றால், சம்பளத்தைச் சேவையால் பெருக்கி 70ஆல் வகுக்க, மாதம் ரூ.2,571 வரும். அவசரத்துக்கு எடுத்த சில ஆயிரம் இதற்கு ஈடாகுமா?

வேலை பார்த்த நாட்களைக் குறைத்துக் காட்டுவது கண்ணில் படாத இன்னொரு திருட்டு. 26 நாள் வேலை பார்த்தவருக்கு 16 நாள் எழுதினால் பங்கும் குறைகிறது, சேவைக் கணக்கிலும் நாள் கழிகிறது. வருகைப் பதிவு ஒப்பந்ததாரர் கையில் இருப்பதால், கேட் பாஸ் நகலும் வங்கி வரவும்தான் தொழிலாளியின் சாட்சி. இரண்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பெயர்ப் பொருத்தமின்மையும் நம் ஊரில் தனித் தலைவலி. ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும், பி.எஃப். பதிவில் ஓரெழுத்து இனிஷியல் இருக்கும். கல்யாணமான பெண்களுக்கு ஒன்றில் தகப்பனார் பெயரும் மற்றொன்றில் கணவர் பெயரும் நிற்கும். பணம் கேட்டுக் கொடுக்கும் கோரிக்கை அங்கேயே திரும்பிவிடும். வேலையில் இருக்கும்போதே, கையெழுத்துப் போட முதலாளி இருக்கும்போதே, இருவரும் சேர்ந்து கூட்டு அறிவிப்பு கொடுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

முந்திரித் தொழிலில் 'இவர்களுக்கு எடைக்கூலிதானே' என்பார்கள். எடைக்கூலிக்கும் பி.எஃப். உண்டு. பி.எஃப். கட்டாயமாக இருபது பேர் இருக்க வேண்டும் என்ற கணக்கில் தற்காலிக ஆட்களும் ஒப்பந்த ஆட்களும் சேர்த்தி. மனைவி பெயரில் ஒரு கொட்டகை, மகன் பெயரில் ஒன்று என்று ஆளுக்குப் பாதியாகப் பிரித்தாலும், வேலையும் நிர்வாகமும் ஒன்றாக இருந்தால் ஒரே நிறுவனமாகவே கொள்ள இடமுண்டு. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கோ பத்துப் பேர் போதும், மாதச் சம்பளம் ரூ.21,000 வரை. தொழிலாளி 0.75, முதலாளி 3.25 சதவீதம்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்படி வேலையை விட்டாலும் நிறுத்தினாலும் பாக்கிக் கூலியை இரண்டு வேலை நாளில் கொடுத்தாக வேண்டும்.

ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்ததாரர் பி.எஃப். கட்டாவிட்டால் பொறுப்பு முதன்மை நிறுவனமான ஆலையுடையது. ஒப்பந்ததாரர் பில் போடும்போது பி.எஃப். கட்டியதற்கான செலானை வாங்கி மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். வேறு இடத்து ஆட்களுக்குக் கட்டிய செலானும் அதில் நுழைந்துவிடும். செலானோடு வரும் பெயர்ப் பட்டியலை கேட் பாஸ் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே பில்லை அனுமதியுங்கள். பி.எஃப். இணையதளத்தின் நிறுவனத் தேடலில், கடவுச்சொல் இல்லாமலேயே, எந்த மாதம் எவ்வளவு கட்டப்பட்டது என்று யாரும் பார்க்கலாம். தொழிலாளர்கள் பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 9966044425 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், யு.ஏ.என். செயல்பாட்டில் இருந்தால், கடைசியாக ஏறிய தொகை குறுஞ்செய்தியாக வரும்.

வைப்பு நிதி அமைப்பு மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டங்களில் குறைதீர் முகாம் நடத்துகிறது. தினக்கூலிக்காரர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அங்கே போக முடியாது. அதைச் சில மாதங்களாவது சிப்காட் வாயிலில், ஷிப்ட் மாறும் நேரத்தில் நடத்தும்படி அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கு, வைப்பு நிதிப் பணியில் உள்ள வாசகர்கள்,
கடலூர் முதுநகர்.