மரப்படகின் பலகை இணைப்புகளில் செய்த தவறான வேலை குறித்த புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
படகு பழுதுபார்ப்புப் பட்டறை.

பொருள்: சுக்கான் அறை கொண்ட எங்கள் மர மோட்டார் படகுக்கு நேர்ந்த சேதம்.

ஐயா,

வணக்கம். எங்கள் குடும்பப் படகை ஏழு மாதங்களுக்கு முன் தங்கள் பட்டறையில் கரையேற்றி ஒப்படைத்தேன். அடிப்பலகைகளின் இணைப்புகளைச் சோதித்துத் தேவையான இடங்களில் மட்டும் கலப்பத்து அடிக்க (நீர் புகாதபடி இடைவெளியில் இழை அடைக்க) வேண்டும், சுக்கான் அறைக் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒழுகும் மழைநீரை நிறுத்த வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருந்தேன். இரண்டும் முடிந்ததாகச் சொல்லி முழுத்தொகையையும் பெற்றுக்கொண்டீர்கள்.

படகை நீரில் இறக்கிய நான்காம் நாள் உள்ளே மரம் முறியும் ஓசை கேட்டது. தரைப்பலகைகளைத் தூக்கிப் பார்த்தபோது, ஏராவுக்கு (படகின் நடு அடிமரத்துக்கு) அருகில், பலகைகளைத் தாங்கும் மூன்று விலாச்சட்டங்கள் விரிசல் விட்டிருந்தன. பலகைகளைப் பிடித்திருந்த திருகாணிகள் சில தளர்ந்து வெளியே வந்திருந்தன. என் பிள்ளைகள் இரவில் உறங்கும் அறைக்கு நேர்கீழே இது நடந்திருக்கிறது.

காரணம் இணைப்புகளிலேயே தெரிகிறது. மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த பலகைகள் சுருங்கி இடைவெளி விடுவதும், நீரில் இறங்கியதும் ஊறிப் பருத்து அந்த இடைவெளியைத் தாமே மூடிக்கொள்வதும் மரப்படகின் இயல்பு. முதல் சில நாட்கள் சிறிது நீர் கசிந்தாலும் அது குறையல்ல. பலகைகள் பருக்க இடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இணைப்புகளில் பருத்தி இழையை அடித்து இறக்கி, அதன்மேல் அமுங்கக்கூடிய மக்குப் பசையைப் பூசுவார்கள். தங்கள் பணியாளர்களோ பழைய பருத்தியைப் பிடுங்கிவிட்டு, காய்ந்து விரிந்த இடைவெளி முழுவதையும் கல்லாய் இறுகும் எபாக்சிப் பசையால் நிரப்பியிருக்கிறார்கள். பருக்க இடமின்றிப் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கியதால்தான் சட்டங்கள் முறிந்தன. கேட்காத வேலையைச் செய்து, நன்றாக இருந்த படகைக் கெடுத்துவிட்டீர்கள் என்பதே என் வருத்தம்.

கண்ணாடி மூலையிலும் வெளியே சிலிக்கோன் பசை பூசியதோடு நிறுத்திவிட்டீர்கள். கடல்நீரைவிட மழைநீரே மரத்தை விரைவில் உளுத்துப்போகச் செய்யும். அங்கே வண்ணத்துக்கு அடியில் கத்திமுனை இப்போதும் எளிதாக இறங்குகிறது.

ஆகவே, மரப்படகு அறிந்த, தங்கள் பட்டறையைச் சாராத மதிப்பீட்டாளர் ஒருவரைத் தங்கள் செலவில் அழைத்து அறிக்கை பெற வேண்டும். அவர் சொல்லும் முறைப்படி எபாக்சியை நீக்கி, முறிந்த சட்டங்களை மாற்றி, உளுத்த மரத்தை வெட்டியெடுத்துப் புது மரம் பொருத்தும் செலவையும் தாங்களே ஏற்க வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரவும். மதிப்பீட்டாளர் பார்த்து முடிக்கும்வரை தங்கள் பணியாளர் எவரும் படகைத் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
படகின் உரிமையாளர்