மரச்சாமானுக்கு எந்தப் பூச்சு? வாங்கும் முன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அறுத்து, இழைத்து, மூட்டெல்லாம் இறுக்கி முடித்த கையோடு கடைக்கு வந்து, "நல்லா பளபளன்னு இருக்கிற பாலிஷ் ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறீர்கள். டப்பாவை எடுத்து நீட்டாமல் நாங்கள் எதிர்க்கேள்வி கேட்பது சிலருக்கு எரிச்சலாகக்கூட இருக்கலாம். எங்களுக்குத் தெரிய வேண்டியவை இரண்டுதான்: அந்தச் சாமான்மேல் தினமும் என்ன படும்? நாளைக்குக் கீறல் விழுந்தால் அதை யார் சரிசெய்வார்கள்?

எங்கள் மனதுக்குப் பிடித்தது ஷெல்லாக். அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்தது. பஞ்சைத் துணியில் பொதிந்து, தொட்டுத் தொட்டு மெல்லிசாக ஏற்ற ஏற்ற, மரத்துக்குள் விளக்கேற்றி வைத்தது போல ரேகைகள் எழும்பி வரும். கீறினாலும் கவலையில்லை, புதுப் பூச்சு பழையதைக் கரைத்துக்கொண்டு ஒட்டிவிடும். ஆனால் சூடான பாத்திரத்தை வைத்தால் வெள்ளை வளையம் விழுந்துவிடும். பெட்டி, அலமாரி, படச்சட்டத்துக்கு வாங்குங்கள். சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம்.

சாப்பாட்டு மேசைக்கு, காய்ந்ததும் பிளாஸ்டிக் போலக் கெட்டியான படலமாகும் பாலியூரித்தேன்தான். எண்ணெய் வகை லேசாக மஞ்சளிக்கும். தண்ணீர் வகை நிறம் மாற்றாது, ஆனால் மரத்தின் நார்களைச் சிலிர்க்க வைக்கும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காயவிட்டு, 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்த பிறகு பூசுங்கள்.

தேக்கு, ஈட்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. எங்கள் பட்டறையிலேயே ஒரு தேக்கு மேசைக்கு அவசரப்பட்டு நேரடியாகப் பாலியூரித்தேன் பூசி, மூன்றாம் நாளும் விரல் வைத்தால் ரேகை பதிந்தது. முழுவதையும் சுரண்டி எடுத்தோம். இப்போதெல்லாம் தின்னர் துணியால் துடைத்து, மெழுகு நீக்கிய ஷெல்லாக் ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் மேலே போகிறோம்.

வெயிலில் நிற்கும் பெஞ்சுக்குச் சாதாரண வார்னிஷ் உரிந்து வரும். வெளிப்புறத்துக்கென்றே வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்பே வைக்காமல் தானே பற்றிக்கொள்ளும். விரித்துத் திறந்தவெளியில் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பி மூடிய தகர டப்பாவில் போடுங்கள்.

அடுத்த முறை வரும்போது அதே மரத்தில் மிச்சமான ஒரு துண்டைக் கையோடு கொண்டு வாருங்கள். மேசைக்குத் தேய்த்த அளவுக்கே அதையும் தேய்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறம் ஏமாற்றும். ஷெல்லாக், பாலியூரித்தேன், ஆளிவிதை எண்ணெய் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் தடவித் தருகிறோம். காய்ந்த பிறகு, அந்தச் சாமான் நிற்கப்போகும் இடத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து வாங்குங்கள்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து