புயலுக்குப் பின் எங்கள் சோதனைகளை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, ரெயின்போ நகரில் தரைத்தளத்தில் இயங்கிவந்த எங்கள் சிறு அலுவலகத்திலும் மழைநீர் புகுந்தது. மேசைக்கு அடியில் வைத்திருந்த ஒரு கணினி ஹார்டு டிஸ்க்கோடு பழுதாயிற்று. கடலூர், புதுச்சேரி மளிகைக் கடைகளுக்காக நாங்கள் உருவாக்கிவரும் தமிழ் ரசீது மென்பொருளின் தானியங்கிச் சோதனைகள் (பிரவுசரைத் தாமே இயக்கி, மென்பொருள் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் நிரல்கள்) அந்த ஒரு கணினியில் மட்டுமே முழுமையாகத் தேறிக்கொண்டிருந்தன. நிரல் அனைத்தும் கிட்ஹப் என்ற இணையச் சேமிப்பகத்தில் பத்திரமாக இருந்தது. மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு பெட்டியாகக் கையால் சொடுக்கி நாங்கள் அமைத்துவைத்த ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் புரொஃபைலுக்குத்தான், அதாவது அதன் அமைப்புகள் அடங்கிய கோப்புறைக்குத்தான், நகல் இல்லை.

மின்சாரம் திரும்பும்வரை எங்களுக்கு மாடியறையையும் இன்வெர்ட்டரையும் தந்து, வேளை தவறாமல் தேநீரும் அனுப்பிய மேல்வீட்டு அம்மாவுக்கு முதல் நன்றி.

முத்தியால்பேட்டை அண்ணனுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. சென்னையில் சோதனைப் பொறியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய தாங்கள், முழங்காலளவு நீர் வடிந்த மறுநாளே வந்து எங்கள் மடிக்கணினியில் சோதனைகளை ஓடவிட்டுப் பார்த்தீர்கள். பிரவுசரைத் தானாக இயக்கும் கருவியான செலினியம், வேறு புரொஃபைலைக் குறிப்பிடாவிட்டால், ஒவ்வொரு முறையும் ஃபயர்ஃபாக்ஸைப் புத்தம்புதிய, வெற்றுப் புரொஃபைலுடன்தான் திறக்கும் என்பதையும், எங்கள் சோதனைகளோ பழைய புரொஃபைலில் யாரோ என்றோ மாற்றிவைத்த அமைப்புகளை நம்பியே எழுதப்பட்டிருந்தன என்பதையும் தாங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். பக்கம் தமிழில் வரவேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் வந்ததும், அதனால் ‘மொத்தம்’ என்ற சொல்லைத் தேடிய சோதனை தோற்றதும் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது; பிரவுசர் தன் விருப்ப மொழியாகத் தமிழைச் சொன்னால்தான் எங்கள் சர்வர் தமிழ்ப் பக்கத்தை அனுப்பும். ரசீது பிடிஎஃப் கோப்பாக இறங்காமல் பிரவுசருக்குள்ளேயே திறந்துகொண்டதற்கும் காரணம் இத்தகைய ஓர் அமைப்பே.

பழைய புரொஃபைலின் நகல் எவரிடமாவது இருக்குமா என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோது தாங்கள் தடுத்துச் சொன்னது இன்றும் நினைவில் நிற்கிறது. புரொஃபைல் கோப்புறையை அப்படியே சுருக்கி ஒருவருக்கொருவர் அனுப்பினால், அதனுள் இருக்கும் குக்கீகளும், சேமித்த கடவுச்சொற்களும், பார்த்த பக்கங்களின் வரலாறும் சேர்ந்தே போகும். தேவையானவை சில வரிகள் மட்டும்தான் என்று காட்டி, மொழி, பதிவிறக்க இடம், பிடிஎஃப் கையாளும் முறை ஆகியவற்றை ‘யூசர்.ஜேஎஸ்’ என்ற சிறு உரைக்கோப்பில் எங்களையே எழுதவைத்தீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அக்கோப்பைப் படித்துத் தன் மற்ற அமைப்புகளின் மேல் ஏற்றிக்கொள்கிறது. எனவே அதை நிரலோடு சேர்த்து வைத்தால் எவருடைய கணினியிலும் சோதனை ஒரேவிதமாகத் தொடங்கும். பதிவிறக்கக் கோப்புறையின் முழுப் பாதையில் பயனர் பெயர் இருப்பதால் அந்த ஒரு வரியை மட்டும் கோப்பில் நிலையாக எழுதாமல், சோதனை தொடங்கும் நேரத்தில் நிரலே நிரப்பும்படி செய்ததும் தாங்கள்தான். அதற்கு முன் அதே வரியால் நாங்கள் இரண்டு முழு நாட்களை இழந்திருந்தோம்.

குரோமில் ஒரே பயனர் தரவுக் கோப்புறையை இரண்டு சோதனைகள் ஒரே நேரத்தில் பயன்படுத்த முயன்றால் இரண்டாவது தடைப்படும் என்று எச்சரித்து, ஒவ்வொரு சோதனைக்கும் தற்காலிகக் கோப்புறை ஒன்றை உருவாக்கும் நிரலை எழுதிக்கொடுத்த லாஸ்பேட்டை நண்பருக்கும் நன்றி.

மஞ்சக்குப்பத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து பயிற்சி பெறும் தங்கையைப் பற்றித் தனியே எழுத வேண்டும். லினக்ஸ் சர்வரில் திரையில்லாமல் ஓடிய சோதனைகள் எல்லாம் தேறியதாக அறிக்கை சொன்னபோது நாங்கள் மகிழ்ந்திருந்தோம். நீதான் அம்மா, திரைப்பிடிப்புப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, கடைப் பெயரும் பொருள்களின் பெயர்களும் வெறும் கட்டங்களாக நிற்பதைக் கண்டுபிடித்தாய். பக்கத்தின் உள்ளே எழுத்து சரியாகவே இருந்ததால் சோதனை தேறிவிட்டது. அந்தச் சர்வரில் தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லாததால் படத்தில் கட்டங்கள் விழுந்தன. நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவும் கட்டளையையும், திரையின் அகலத்தையும் உயரத்தையும் குறிக்கும் வரியையும் அன்றே அமைப்புகளோடு சேர்த்துவிட்டாய். அந்தக் கட்டங்கள் கடைக்காரர் ஒருவரின் ரசீதில் அச்சாகியிருந்தால் அவர் முகத்தை நாங்கள் எப்படிப் பார்த்திருப்போம் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

2004ஆம் ஆண்டு ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியத்தை இன்றுவரை இலவசமாக வளர்த்துவரும் அனைவருக்கும் இம்மடலின் வழியே எங்கள் வணக்கம் உரியது.

இப்போது அமைப்புக்கோப்பின் ஒவ்வொரு வரிக்கு மேலும், அது எதற்காக இருக்கிறது, யார் சேர்த்தார் என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறோம். அண்ணன் சொன்ன வரிகளுக்கு மேல் ‘மு.பே. அண்ணன்’ என்றும், எழுத்துரு வரிக்கு மேல் ‘மஞ்சக்குப்பம்’ என்றும் இருக்கிறது.

நன்றியுடனும் அன்புடனும்,
ரசீது மென்பொருள் குழுவினர்,
ரெயின்போ நகர், புதுச்சேரி.