ஊசிக்கு முன்னே காத்திருந்தவர்களுக்கு

டேகேர் சிஸ்டருக்கும், ஜூனியர் டாக்டருக்கும், ஆயாம்மாவுக்கும், பெயர் தெரியாத அண்ணன்களுக்கும்,

16 வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது, ஏ.எல்.எல். என்ற வகை. இரண்டு வருடத்துக்கும் மேல் ஓடிய சிகிச்சை இப்போதுதான் முடிந்தது. உயிரைக் காப்பாற்றியதற்குப் பெரிய டாக்டர்களிடம் அம்மா அழுதுகொண்டே நன்றி சொல்லியாயிற்று. இந்த மடல் என் வலியைக் குறைத்தவர்களுக்கு.

முதுகுத்தண்டில் மருந்து ஏற்றும் நாள் என்றாலே எனக்கு நடுக்கம். மரத்துப்போகும் களிம்பு தடவினால் அது வேலை செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். கூட்டமான நாளில் யாருக்கு அந்தப் பொறுமை? சிஸ்டர், நீங்கள் மட்டும் நான் வந்து உட்கார்ந்ததுமே தடவிவிட்டு, அப்புறம்தான் ஃபைலையே திறப்பீர்கள்.

வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்தைப் போட்டால் தாடை வலிக்கும், கால்விரல் மரத்துப்போகும், மலச்சிக்கல் வரும். இந்தக் கடைசி விஷயத்தை ரவுண்ட்ஸில் அத்தனை பேர் முன்னால் ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? “ஒண்ணுமில்லை” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் போனபின் திரும்பி வந்து தனியாகக் கேட்டீர்களே டாக்டர், அதை மறக்க மாட்டேன். சிவப்பு மருந்து ஏறினால் சிறுநீரும் சிவப்பாகப் போகும் என்று முன்பே சொல்லி வைத்ததும் நீங்கள்தான். இல்லாவிட்டால் கழிவறையிலேயே மயங்கி விழுந்திருப்பேன்.

வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட எரிந்த நாட்களில் சாதத்தைக் குழைத்து, மோர் விட்டு மிக்ஸியில் அடித்துக் கொடுத்த கேன்டீன் அண்ணனுக்கும் நன்றி.

ஸ்டீராய்டில் என் முகம் உப்பியபோது பார்க்க வந்த ஒரு அத்தை, “நல்லாத்தானே சதை போட்டிருக்கே” என்றார். “கவுன்ட் கம்மியா இருக்கு, கிளம்புங்க” என்று ஆயாம்மா விரட்டிய அழகு இருக்கிறதே! வெள்ளையணு கவுன்ட் குறைந்தால் தொற்றுக்குப் பயந்து யாரையும் கிட்டே விடமாட்டார்கள். ஆனால் அன்று என் கவுன்ட் நன்றாகத்தான் இருந்தது.

தானமாகக் கிடைக்கும் பிளேட்லெட்டை, அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்களை, ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள்தான் வைத்திருக்க முடியும். ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டும். பரீட்சை நேரத்திலும் வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் மெஷினில் கையை நீட்டிப் படுத்திருந்த கல்லூரி அண்ணன்களே, உங்கள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. குழந்தைகள் வார்டில் என் வயதுப் பெண்கள் உடை மாற்ற மறைவு இல்லை. அம்மாவின் சேலைதான் திரை. துணி நான் வாங்கி வருகிறேன், வார்டில் அனுமதியும் கேட்கிறேன். ஆயாம்மா, அடுத்த செக்கப்புக்குள் அளவு மட்டும் எடுத்து வையுங்கள்.