முதல் ஆறு நீதிபதிகளும் நம்ம வித்யாவும்

பிலடெல்பியா
ஞாயிறு காலை

அன்புள்ள சுந்தரம்,

உன் மகள் வித்யா சிவில் ஜட்ஜ் தேர்வில் தேறிவிட்டாள் என்பதை மாணிக்கம் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? சண்டை போடத்தான் பேனாவை எடுத்தேன். மூன்று மாதமாக நானும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. சரி, கணக்கு நேர். குழந்தைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். செய்தி கேட்டதும் கமலா அழுதுவிட்டாள்.

இங்கே எல்லோரும் சுகம். பேரனுக்கு நடை வந்துவிட்டது. குளிர்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மற்றபடி குறையில்லை.

எழுத வந்தது வேறு விஷயம். போன வாரம் மருமகன் என்னைப் பழைய சிட்டி ஹாலுக்குக் கூட்டிப்போனார். சுதந்திர மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் செங்கல் கட்டடம். 1791 முதல் 1800 வரை அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் அங்கேதான் நடந்தது. உள்ளே போய் நின்றதும் எனக்கு நம்ம முன்சீப் கோர்ட் ஞாபகம்தான் வந்தது. அதே மாதிரி மேடை, அதே மாதிரி மரத்தடுப்பு. 32 வருஷம் கோர்ட்டில் கிடந்தவன் அல்லவா, கை தானாகக் கேஸ் கட்டைத் தேடியது. அன்றிலிருந்து அந்த முதல் நீதிபதிகளைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் ஜனாதிபதி வாஷிங்டன் 1789 செப்டம்பர் 24 அன்று அந்த நீதிமன்றத்தை அமைக்கும் நீதித்துறைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே ஆறு பெயரைச் செனட்டுக்கு அனுப்பினார். இரண்டே நாளில் ஒப்புதல் வந்துவிட்டது. ஆறு பேரும் ஆறு மாநிலத்துக்காரர்கள். தலைமை நீதிபதி ஜான் ஜே, நியூயார்க். தெற்கே சவுத் கரோலைனாவிலிருந்து ரட்லெட்ஜ், வடக்கே மாசசூசெட்ஸிலிருந்து குஷிங். நாடு ஒட்டுமா ஒட்டாதா என்று தெரியாத காலம், எந்தப் பக்கமும் நாங்கள் விடுபட்டோம் என்று சொல்லிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்.

ஆனால் அந்தப் பதவிக்கு அன்றைக்கு மவுசு இல்லை, சுந்தரம். அந்த ஆறு பேரில் ஹாரிசன் என்பவர் சுதந்திரப் போர்க்காலத்தில் வாஷிங்டனுக்குச் செயலராக இருந்தவர். வேண்டாம் என்றார். வற்புறுத்தியதால் மனமிரங்கி நியூயார்க்குக்குக் கிளம்பினார், வழியிலேயே நோய் வந்து வீடு திரும்பினார், 1790 ஏப்ரலில் இறந்துபோனார். அவர் இடத்துக்கு நார்த் கரோலைனாவின் ஐர்டெல் வந்தார். அந்த மாநிலம் அப்போதுதான் ஒன்றியத்தில் சேர்ந்திருந்தது. ரட்லெட்ஜ் உச்ச நீதிமன்ற அமர்வில் ஒரு நாள்கூட உட்காராமல், 1791இல் ராஜினாமா செய்துவிட்டுத் தன் மாநிலத்துத் தலைமை நீதிபதியாகப் போய்விட்டார். ஜேயும் 1795இல் கவர்னராகப் போனார். 1790 பிப்ரவரி 1, முதல் அமர்வு. ஆறு பேரில் வந்தது மூன்று பேர். கோர்ட் நடத்தப் போதுமான ஆள் இல்லை, அடுத்த நாளுக்கு வாய்தா.

பதவிக்கு மவுசு இல்லாததற்குக் காரணம் ஊர் ஊராகப் போகும் வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை சர்க்யூட் கோர்ட் நடத்தப் போக வேண்டும். மழையிலும் சேற்றிலும் குதிரை வண்டி, ராத்தங்கல் சத்திரத்தில். ஐர்டெல் தெற்குச் சுற்றிலேயே தேய்ந்துபோனார். 1799இல் இறந்தபோது வயது 48 தான்.

இதையெல்லாம் விட என் மனதில் நிற்பது 1793. பிரிட்டனும் பிரான்சும் போரில் இருந்தன. அமெரிக்கா நடுநிலை என்று வாஷிங்டன் அறிவித்துவிட்டார். ஆனால் பிரெஞ்சுக் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களிலேயே ஆயுதம் ஏற்றின. எது சட்டம், எது மீறல் என்று மந்திரிகளுக்குப் பிடிபடவில்லை. 29 கேள்விகள் தயாராகின, வெளியுறவு மந்திரி ஜெபர்சன் வழியாக நீதிபதிகளிடம் கருத்துக் கேட்டார்கள். கேட்டது யார்? அவர்களை நாற்காலியில் உட்கார வைத்தவர், நாடே தெய்வமாக நினைத்த மனிதர். ஆகஸ்ட் 8 அன்று பதில் வந்தது: முடியாது. அரசின் பிரிவுகள் ஒன்றையொன்று தடுத்து நிறுத்தும்படி அமைந்தவை, நாங்கள் கடைசித் தீர்ப்புச் சொல்கிறவர்கள், வழக்குக்கு வெளியே கருத்துச் சொல்வது தகாது என்று மரியாதையாக எழுதிவிட்டார்கள். வாஷிங்டன் ஏற்றுக்கொண்டார். மந்திரிகளே உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். இன்று வரை அந்தக் கோர்ட் ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்வதில்லை.

ஆறு பேரைத் தேர்ந்தெடுத்ததை விட, அவர்கள் மறுத்தபோது முகம் சுளிக்காமல் இருந்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், இதைக் கவனமாகப் படி. அந்த ஆறு பேரில் ஜேம்ஸ் வில்சன் என்று ஒருவர். சுதந்திரப் பிரகடனத்திலும் அரசியல் சாசனத்திலும் கையெழுத்துப் போட்டவர், அந்தக் காலத்துச் சட்ட மேதைகளில் முன்வரிசை. தலைமை நீதிபதி பதவியைத் தனக்குத் தரும்படி வாஷிங்டனுக்குத் தானே கடிதம் எழுதியவர். அவருக்கு நிலம் வாங்கும் பித்து. கடன் வாங்கி வாங்கி ஏக்கர் ஏக்கராகச் சேர்த்தார். விலை விழுந்தது. பதவியில் இருக்கும்போதே கடன்காரர்கள் அவரை நியூ ஜெர்சியில் சிறையில் போட்டார்கள். வெளியே வந்து தெற்கே ஓடினார், அங்கேயும் சிறை. 1798 ஆகஸ்டில் ஈடன்டன் என்ற ஊரில் ஒரு விடுதி அறையில் உயிர் போயிற்று. சாகும்போதும் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி. பக்கத்தில் இருந்தது இளம் மனைவி ஹன்னா. 1906இல்தான் உடலை எடுத்துவந்து இங்கே கிறைஸ்ட் சர்ச்சில் அடக்கம் செய்தார்கள். நேற்று தனியாகப் போய் அந்தக் கல் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

மாடி கட்ட வித்யா பெயரில் லோன் போடப் போகிறாயாமே? மாணிக்கம் இதையும் சொன்னான். வேண்டாம்டா. முதல் சம்பளம் வாங்குவதற்கு முன்னால் அவள் தலையில் கடனை ஏற்றாதே. தவணை தேதி நெருங்கும்போது பெஞ்சில் உட்காருகிறவர்களின் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பணம் குறைந்தால் என்னிடம் கேள், என் வைப்புத்தொகை சும்மாதான் கிடக்கிறது.

அப்புறம் நம்ம பெரியசாமி அண்ணன். அவருடைய வரப்புத் தகராறு பற்றி வித்யாவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல் என்று நிச்சயம் உன்னிடம் வருவார். நீயும் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அவள் 'அப்பா, அதைக் கேட்காதீங்க' என்று சொன்னால் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துவிடாதே. பெற்ற மகள் மறுக்கிறாளே என்று மனதில் வைத்துக்கொள்ளாதே. அந்தச் சொல் அவளுக்கு முதலில் உன் எதிரில்தான் பழக வேண்டும்.

அகாடமிப் பயிற்சி எப்போது, முதல் போஸ்டிங் எந்த ஊர் என்று தெரிந்தால் உடனே எழுது. 20ஆம் தேதி புறப்படுகிறோம். வாட்சப் வேண்டாம், கடிதமே போடு, உன் கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று.

அன்புடன்,
ராமசாமி