எட்டா, பதினாறா?

மாப்பிள்ளை,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. இத்தனை நாள் எழுதாததற்கான வசவை நேரில் வாங்கிக்கொள்கிறேன், இது அவசரம். நீ ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போவதாகக் கணக்கப்பிள்ளை சொன்னான். எந்த 5060 டிஐ என்று கேட்டால், "ஒன்றுதானே இருக்கிறது" என்கிறான். இவன் கணக்கப்பிள்ளையாம்!

ஒரே பெயரில் இரண்டு விற்கிறார்கள். ஒன்றில் 8 ஜிபி நினைவகம், மற்றதில் 16. போட்டி நிறுவனமான ஏஎம்டியும் சளைத்ததல்ல, 2025இல் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியிலும் இதே கூத்துதான். நடுத்தரக் கார்டுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு 8 ஜிபியோடு வீடு திரும்புவதை என்னால் பொறுக்கவே முடியாது.

விளையாட்டின் நடுவே கார்டின் நினைவகம் நிரம்பி வழிந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? திரையின் மூலையில் நொடிக்கு 70 பிரேம் என்று காட்டிக்கொண்டிருக்கும். நீ சட்டென்று திரும்பும்போது படம் திக்கும். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாலும் செங்கல்லின் விளிம்பு தெரியாது, வெறும் சேற்று நிறம். இடம் கிடைக்காத டெக்ஸ்சர்கள், அதாவது சுவர், தரை மேல் ஒட்டும் படங்கள், கணினியின் ரேமில் ஒதுங்கி, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ வழியாக வந்து போவதால் வரும் வினை இது. 5060 டிஐ அந்த வழியில் 8 தடங்களைத்தான் பயன்படுத்துகிறது. உன் மதர்போர்டில் இருப்பதோ பிசிஐயின் பழைய 3.0 பதிப்பு, ஒவ்வொரு தடத்திலும் 4.0வின் பாதி வேகம்தான். 9060 எக்ஸ்டிக்கு 16 தடங்கள். அதில் 16 ஜிபி உள்ளதுதான் உனக்குப் பொருந்தும் என்பேன்.

பொறு, உன் மானிட்டர் இன்னும் அந்த 1080பி, 60 ஹெர்ட்ஸ்தானே? நொடிக்கு 60 படத்துக்கு மேல் அது காட்டாது. 1440பி திரையில் புள்ளிகள் ஏறத்தாழ 37 லட்சம், உன்னுடையதில் 21 லட்சம்கூட இல்லை. மானிட்டரை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் மலிவான கார்டே போதும். அங்கே 8 ஜிபியைக்கூட மன்னித்துவிடுவேன், டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்துக்கொள். இன்டெல் ஆர்க் பி580இல் 12 ஜிபி இருக்கிறதே என்று மயங்காதே. உன் பழைய பிராசஸரோடு அது சோர்ந்துபோகும்.

நம் நண்பன் தாடி போன பிறகு நாம் சேர்ந்து விளையாடவே இல்லை. நீ எந்தக் கார்டு வாங்கினாலும் சனிக்கிழமை இரவை மறுபடி தொடங்குவோம். அவன் இடத்தைக் கணக்கப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தேன், மனம் வரவில்லை.

கழற்றும் கார்டை யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. என் மகள் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறாள்.

உன்,
குட்டை