இனி உன் முறை

அன்புள்ள சுப்பிரமணி,

உனக்குக் கண் ஆபரேஷன் ஆன விஷயம் உன் மருமகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். சரி, பேத்தியிடம் கொடுத்து இதை உரக்க வாசிக்கச் சொல்.

ரிட்டயர் ஆன பிறகு எனக்குப் பழைய அட்லஸ்தான் துணை. எத்தியோப்பியா, எரித்திரியா, ஜிபூட்டி மூன்றும் கூடும் இடத்தில் 'டனாகில் பள்ளம்' என்று போட்டிருக்கும். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது பார்த்தால், அங்கே வாழ்கிற அஃபார் மக்களை 'டனாகில்' என்றது வெளியார்தானாம். அவர்களுக்கு அந்தப் பெயரே பிடிக்காது. இனி எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் திருத்துவேன்?

கடல் மட்டத்துக்கும் நூறு மீட்டருக்கு மேல் கீழே கிடக்கும் நிலம் அது. 1960களில் அங்கே தல்லோல் என்ற இடத்தில் பதிவான வெப்பம், வருட சராசரியே 34 டிகிரிக்கு மேல். இரவு, பகல், மழைக்காலம் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த வெயிலில் உப்பைப் பாளம் பாளமாக வெட்டி, ஒட்டகத்தில் ஏற்றி மேட்டு நிலத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு காலத்தில் எத்தியோப்பியாவில் அந்த உப்புக்கட்டியே காசாகப் புழங்கியிருக்கிறது. அவாஷ் ஆறும் அவர்கள் மண்ணில்தான் ஓடுகிறது. ஆனால் கடலைப் பார்க்காமலே அப்பே ஏரியில் அடங்கிவிடுகிறது. 1974இல் 'லூசி' என்று பெயர் வைத்த ஆதி மனித மூதாதையின் எலும்புகள் கிடைத்த ஹதாரும் அங்கேதான்.

அவர்கள் மொழியில் 'அஃப்' என்றால் வாய். மொழிக்கும் அதே சொல்தான். நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கிறார்கள். நம் மொழியோடு உறவு ஒன்றும் கிடையாது, அது கிழக்கு ஆப்பிரிக்காவின் குஷிட்டிய மொழிக் குடும்பம். 1970களில் திமிஸ், ரெடோ என்ற இருவர் அதற்கு லத்தீன் எழுத்தை வகுத்தபோது, நாக்கை மடித்துச் சொல்லும், நம் 'ட'வுக்குப் பக்கத்தில் வரும் ஒலிக்கு எக்ஸ் எழுத்தைக் கொடுத்தார்களாம். அதைப் படித்துவிட்டு ஒரு நாள் பூராவும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் உனக்குச் சொல்ல வந்தது 'தாகு' பற்றி. வழியில் இரண்டு அஃபார்கள் எதிர்ப்பட்டால், எவ்வளவு அவசரம் இருந்தாலும் நின்று, உட்கார்ந்து, சேதி பரிமாறிக்கொள்ள வேண்டும். அதன் பெயர்தான் தாகு. எங்கே மழை பெய்தது, எந்தப் பக்கம் புல் இருக்கிறது, யார் வந்தார், எங்கே சண்டை என்று ஒருவர் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். அப்புறம் மற்றவர் தொடங்குவார். தானே பார்த்ததா, கேள்விப்பட்டதா என்பதையும் சொல்லியாக வேண்டும். பொய் சேர்த்தால் மானம் போய்விடும். கால்நடையை ஓட்டிக்கொண்டு அலைகிறவனுக்குத் தப்பான சேதி என்றால் தண்ணீர் இல்லாத கிணற்றுக்கு நடக்க வேண்டியதுதானே.

சரி, என் தாகு இது. சர்க்கரை ஏறியிருக்கிறது, நானே ரிப்போர்ட்டைப் பார்த்தேன். முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டேன். சின்னவனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது என்கிறாள் அக்கா. அது கேள்விப்பட்டது மட்டும்தான்.

இனி உன் முறை. எந்தக் கண், டாக்டர் என்ன சொன்னார், என்னிடம் ஏன் சொல்லவில்லை? வரிசையாக எழுது.

உன்,
ராமநாதன்